சல்லடம் தொங்கிய வாசல்



இன்றைக்கு ஒரு சவடால் பேர்வழியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஆள் ஜப்பான்காரர். நிஜ ஆள்கூட இல்லை, சித்திரக்கதைப் பாத்திரம். ஆனால் அவரிடம் போய்ச் சேர நம்ம பெங்களூர் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

கண்டீரவா ஸ்டேடியம் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1997-ல் தேசிய விளையாட்டுப் போட்டி நடந்த இடம், இப்போது பெங்களூரு எஃப்சி கால்பந்து ஆடும் இடம். ஆட்டோக்காரரிடம் 'கண்டீரவா' என்று சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் மீட்டரைப் பற்றிய விவாதத்துக்குப் போய்விடுவார். நடிகர் ராஜ்குமாரை அடக்கம் செய்த ஸ்டுடியோவுக்கும் கண்டீரவா என்றுதான் பெயர். யார் அந்தக் கண்டீரவன்?

1638-லிருந்து 1659 வரை மைசூரை ஆண்ட உடையார், ரணதீர கண்டீரவ நரசராஜர். அவர் பட்டத்துக்கு வருவதற்கு முன்னால் நடந்ததாக ஒரு கதை இருக்கிறது. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த மார்க் வில்க்ஸ், 1810-ல் வெளிவரத் தொடங்கிய தன் தென்னிந்திய வரலாற்று நூலிலேயே இதைச் சொல்கிறார். 1960-ல் ராஜ்குமார் நடித்து 'ரணதீர கண்டீரவா' என்று சினிமாவும் வந்தது. அதனால் கன்னடக்காரர் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் கதை தெரியும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதைதான். ஏனென்றால் அது நடப்பது நம்ம திருச்சிராப்பள்ளியில்.

திருச்சியில் ஒரு பயில்வான். அவனை எதிர்த்து நிற்க ஆள் கிடையாது. ஜெயித்துக்கொண்டே இருந்தால் போதுமா, ஊருக்குத் தெரிய வேண்டாமா? தன் சல்லடத்தைக் கோட்டை வாசலில் உயரக் கட்டித் தொங்கவிட்டான். சல்லடம் என்பது மல்லர்கள் இடுப்பில் இறுக்கிப் போடுகிற குட்டைக் கால்சட்டை. ஊருக்குள் வருகிறவன் எவனும் அதற்கு அடியில்தான் நுழைந்தாக வேண்டும். பேசாமல் நுழைந்தால், 'ஐயா, நான் உமக்குக் கீழே' என்று ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. மனசு ஒப்பவில்லையா, கோதாவுக்கு வா.

இன்றைக்கு ஊர் முழுக்க பேனர் வைக்கிறவர்கள் இந்த ஆளிடம் பாடம் கேட்க வேண்டும். ஒரே ஒரு துணி, அதுவும் உடுத்திப் பழகியது!

இந்தச் சேதி தெரக்கணாம்பி வரைக்கும் போனது. குண்டலுப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர் அது. அங்கேதான் கண்டீரவர் இருந்தார். ஊர் ஊராகச் சுற்றும் மல்லன் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு திருச்சிக்கு வந்தார், சவாலை ஏற்றார், அரசன் முன்னிலையில் அந்தப் பயில்வானை வீழ்த்திக் கொன்றார். அதற்கப்புறம் செய்ததுதான் கதையின் உயிர்நாடி. பரிசு வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வாய் பேசினவன் செத்தான், பேசாதவன் ராஜா ஆனான். நம்ம பக்கத்துக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் தீர்ப்பு எழுதும். இந்தத் தீர்ப்பைத் தலைகீழாகத் திருப்பி எழுதிப் பார்த்தவர் ஜப்பானில் ஒருவர், அகிரா தோரியாமா. 'டிராகன் பால்' என்ற மங்கா சித்திரக்கதையை 1984 முதல் 1995 வரை 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் வரைந்தவர். மொத்தம் 519 அத்தியாயம், புத்தகமாக 42 தொகுதி. 2024 மார்ச் 1-ஆம் தேதி காலமானார். கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், கதாநாயகன் கோகு யார் என்று என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் மங்காவுக்கென்று தனி அலமாரியே இருக்கிறது. அதன் முன்னால் தரையில் உட்கார்ந்து, வாங்காமலே ஒரு தொகுதியை முடித்துவிட்டு எழுந்து போகிற மாணவர்களையும் பார்க்கலாம்.

அந்தக் கதை இதழில் எட்டு வருஷம்போல ஓடியபிறகு ஒருவர் வந்து நுழைகிறார். பெயர் மிஸ்டர் சாத்தான். பெயர் மதத்தைத் தொடுகிறதே என்று அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ஹெர்க்யூல் என்று மாற்றினார்கள். சுருட்டைமுடி பந்தாய் எழும்பி நிற்கும், கீழே தொங்குமீசை, இடுப்பில் சாம்பியன் பெல்ட். உலகத் தற்காப்புக்கலைப் போட்டியில் நிஜமாகவே முதல் பரிசு வாங்கியவர். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் டுபாக்கூர் இல்லை. சாதாரண மனிதர்களில் அவர்தான் பலசாலி. கோளாறு என்னவென்றால், அந்தக் கதையில் சண்டை போடுகிறவர்கள் யாரும் சாதாரண மனிதர்கள் இல்லை. வானத்தில் பறக்கிறார்கள், உள்ளங்கையிலிருந்து ஒளியை எய்து மலையைப் பொடியாக்குகிறார்கள்.

அப்படிப்பட்டவர்களில் ஒருவன் செல் என்ற ராட்சசன். உலகத்தையே அழிக்கப் போகிறேன், முடிந்தால் வந்து மோதுங்கள் என்று அறைகூவல் விடுகிறான். டிவி கேமரா சூழ மிஸ்டர் சாத்தான் மேடை ஏறுகிறார். எடுத்தவுடன் சண்டை இல்லை, முதலில் வித்தை. பதினைந்து ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். மூச்சை இழுத்துப் பிடித்து, கத்தி, ஓங்கி ஒரே அடி. பதினாலு உடைகிறது. அடியில் ஒன்று மட்டும் உடையாமல் கிடக்கிறது. உலகமே கை தட்டுகிறது. செல் ஒரே ஒரு தட்டுத் தட்டுகிறான், கொசுவை விரட்டுகிற மாதிரி. நம்மவர் பறந்து போய் மேடைக்கு வெளியே விழுகிறார்.

அந்தப் பதினைந்தாவது ஓட்டை நான் மெச்சுகிறேன். பதினைந்தும் உடைந்திருந்தால் ஆள் வெறும் பலசாலி. மூன்று நான்கோடு நின்றிருந்தால் வெறும் கோமாளி. பதினாலு என்று வரைந்ததில்தான் தோரியாமாவின் கைத்திறன் இருக்கிறது.

அதற்கப்புறம் நடக்கிற நிஜச் சண்டையைப் பார்த்து, 'இதெல்லாம் தந்திரம், கண்கட்டு வித்தை' என்று கேமராவுக்கு விளக்கம் சொல்கிறார். பறக்கிறவனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே சொல்கிறார். ஆனால் அந்தக் களத்திலேயே அவர் ஒரு நல்ல காரியமும் செய்கிறார். தலை மட்டும் மிஞ்சிக் கிடக்கிற ஒரு இயந்திர மனிதன், என்னை அந்தப் பையன் பக்கம் எறி என்று கேட்க, நடுங்கிக்கொண்டே தூக்கி எறிகிறார். கோகுவின் மகன் கோஹன், சின்னப் பையன், அந்தத் தலை சொன்ன வார்த்தையைக் கேட்டபிறகுதான் அவனுடைய முழுப் பலமும் வெளியே வருகிறது. செல்லை அழித்தவன் அவன்தான். ஜெயித்த கோஷ்டி ஒரு வார்த்தை பேசாமல் பறந்து போய்விடுகிறது, திருச்சியிலிருந்து கண்டீரவர் கிளம்பிய மாதிரியே. டிவிக்காரர் வந்து யார் ஜெயித்தது என்று கேட்கிறார். அங்கே நிற்பது ஒரே ஆள். 'நான்தான்' என்கிறார்.

உலகம் நம்பிவிடுகிறது. ஒரு நகரத்துக்கே அவர் பெயரை வைக்கிறார்கள். ஏழு வருஷம் கழித்து நடக்கிற அடுத்த போட்டியில், தன்னைவிடப் பல மடங்கு பலசாலியான ஒரு பெண்ணிடம் தோற்காமல் இருக்க இரண்டு கோடி ஜெனி லஞ்சம் பேசுகிறார். ஜெனி என்பது அந்தக் கதை உலகத்துக் காசு.

இந்த இடத்தில் உங்களில் பலருக்கு உத்தரகுமாரன் ஞாபகம் வந்திருக்கும். அவனையும் பெங்களூரோடு சேர்த்தே பேசலாம். கண்டீரவா ஸ்டேடியம் இருக்கிற இடம் ஒரு காலத்தில் சம்பங்கி ஏரி. ஏரி போய்விட்டது, ஓரத்தில் சின்னக் குளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சித்ரா பௌர்ணமி சமயத்தில் நடக்கிற கரகத் திருவிழாவின் சடங்குகளுக்கு இன்றைக்கும் அங்கே வருகிறார்கள். தர்மராய சுவாமி கோயில் திரௌபதிக்கு எடுக்கிற விழா அது. எடுக்கிறவர்கள் திகளர்கள், தமிழ் மண்ணிலிருந்து வந்து இங்கே தோட்டம் போட்ட சமூகம். கரகம் சுமப்பவர் கரடி மனையில் தேகப்பயிற்சி செய்த ஆள். கரடி மனை என்றால் இந்த ஊர் மல்யுத்தப் பள்ளி, கரடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படிப்பட்ட ஆண்பிள்ளை புடவை கட்டி, வளையல் போட்டு, பூக்கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் தாங்கி ராத்திரி முழுக்க ஊரைச் சுற்றுகிறார். சுற்றிலும் வாள் ஏந்திய வீரகுமாரர்கள்.

மகாபாரதத்து விராட பருவத்தில் அர்ஜுனனுக்கும் இதே கோலம்தானே. பிருகன்னளையாகப் பெண் வேஷத்தில் நாட்டியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறான். கௌரவப் படை மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறது. விராடராஜன் மகன் உத்தரன் அந்தப்புரத்துப் பெண்கள் நடுவில், தேரோட்ட மட்டும் ஒரு ஆள் இருந்தால் அத்தனை பேரையும் நானே பார்த்துக்கொள்வேன் என்கிறான். உத்தரனுடைய வீரம் அடுப்பு முன்னால் என்று கன்னடத்தில் பழமொழியே உண்டு. களத்துக்குப் போய்ப் படையைப் பார்த்ததும் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பிருகன்னளை பிடித்து இழுத்துவந்து, அவனைத் தேரோட்டவிட்டுத் தான் சண்டை போடுகிறாள்.

இந்தப் பக்கம் அரண்மனையில் விராடராஜன், என் மகன் ஜெயித்துவிட்டான் என்று பூரித்துப்போய்ச் சொக்கட்டான் ஆடுகிறான். எதிரே கங்கன் என்ற பெயரில் மறைந்திருக்கிற தர்மராஜா. பிருகன்னளை கூட இருக்கும்போது ஜெயிக்காமல் என்ன என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்ல, ராஜா கோபத்தில் பகடையை முகத்தில் வீசுகிறான். தர்மராஜாவின் மூக்கிலிருந்து ரத்தம். கீழே சிந்தாமல் திரௌபதி பாத்திரத்தில் ஏந்துகிறாள். ஒரு சவடாலுக்கு ரத்தம் சிந்தியது சொன்னவன் இல்லை, உண்மையைச் சொன்னவர்.

ஆனால் உத்தரன் திரும்பிவந்ததும், ஜெயித்தது நான் இல்லை, ஒரு தேவகுமாரன் வந்து உதவினான் என்று சொல்லிவிடுகிறான். அங்கேதான் மிஸ்டர் சாத்தான் வேறு ஆளாகிறார். அவர் சொல்லவே இல்லை. 2003-ல் வந்த 'வின்னர்' படத்தின் கைப்புள்ளையை, நம்ம வடிவேலுவை, இந்த வரிசையில் நிறுத்தத் தோன்றும். ஆனால் கைப்புள்ள அடி வாங்குவது ஊருக்கே தெரியும். அவர் சவடாலை நம்புகிறவர் அவருடைய சங்கத்து ஆட்கள்தான், அவர்களும் பாதிதான் நம்புகிறார்கள்.

தற்புகழ்ச்சி எப்போதுமே தப்பா என்று கேட்டால், தமிழ் இலக்கணம் அவ்வளவு கறாராக இல்லை. நன்னூல் புலவர்களுக்கு நான்கு இடங்களில் விலக்குக் கொடுக்கிறது. அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில், சபையில் வாதம் ஜெயிக்க வேண்டிய நேரத்தில், எதிரி தன்னைப் பழித்துப் பேசும்போது. திருக்குறளில் படைச்செருக்கு அதிகாரம் தொடங்குவதே ஒரு படைவீரன் எதிரிகளைப் பார்த்து விடுகிற எச்சரிக்கையில்தான். மிஸ்டர் சாத்தானுக்கு நன்னூல் தெரிந்திருந்தால் இரண்டாவது விலக்கைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பார். அவர் திறமை எவ்வளவு என்று நிஜமாகவே யாருக்கும் தெரியாதே!

பேச்சும் அடியும் ஒன்றாகவே வந்தவர்களும் உண்டு. 1910-ல் லண்டனுக்குப் போன காமா பயில்வானை, ஆள் உயரம் போதாது என்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். எந்த எடையில் வேண்டுமானாலும் மூன்று பேரை அரைமணி நேரத்துக்குள் சாய்க்கிறேன் என்று அவர் சவால்விட, வெறும் பீற்றல் என்று நினைத்தார்கள். அமெரிக்கர் ரோலர் மண்ணைக் கவ்வினார். போலந்து பயில்வான் ஜ்பிஸ்கோ, செப்டம்பர் 10-ஆம் தேதி இரண்டரை மணி நேரத்துக்கு மேல் குப்புறப் படுத்துத் தப்பித்தார், 17-ஆம் தேதி மறுபடி வரச் சொன்னபோது வரவே இல்லை. முகமது அலியின் வாய் இன்னொரு ரகம். இளவயதில், 1961-ல், லாஸ் வேகாஸில் கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்தக்காரரைச் சந்தித்தார். ஜார்ஜ் அவருக்குச் சொன்ன யோசனை வியாபார யோசனை. உன் வாயை யாராவது அடைக்க மாட்டானா என்று பார்க்கவே ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள், பேசிக்கொண்டே இரு. அந்த அலி 1980-ல் சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார், எம்.ஜி.ஆரைச் சந்தித்தார்.

பெங்களூர் கரடி மனைகளில் இந்த மாதிரி வியாபாரத்துக்கு இடமில்லை. பேட்டைப் பகுதிச் சந்துகளில் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன. வாசல் தாழ்வாக வைத்திருப்பார்கள், எவ்வளவு பெரிய பயில்வானாக இருந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஆஞ்சநேயர், கர்லாக்கட்டை, எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்திய செம்மண் குழி. குருவான வஸ்தாது சொல்கிறபடி நூற்றுக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும். விஜயதசமியன்று மைசூர் அரண்மனையில் நடக்கிற வஜ்ரமுஷ்டிச் சண்டைக்கு இந்த ஊரிலிருந்தும் ஜெட்டிகள் என்கிற மல்லர்கள் போகிறார்கள். தலையை மழித்து, விரலில் முள் வைத்த பிடியை மாட்டிக்கொண்டு மோதுவார்கள். தலையில் முதல் துளி ரத்தம் தெரிந்ததும் முடிந்தது. பெரும்பாலும் ஒரு நிமிஷம்கூட ஆகாது. பேச நேரம் எங்கே?

திருச்சி வாசலிலும் குனிய வைத்தார்கள், கரடி மனையிலும் குனிய வைக்கிறார்கள். ஒன்று ஒருவனுக்கு, மற்றது மண்ணுக்கு.

சரி, கண்டீரவரிடம் திரும்பி வருவோம், ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பெயர்கூடச் சொல்லாமல் ராத்திரியில் கிளம்பிய மனிதரின் கதை நமக்கு எப்படி வந்தது? ஜெயித்தது அவர்தான் என்று யாரோ சொல்லியிருக்கத்தானே வேண்டும்? அவருக்குச் சொல்ல ஆள் இருந்தது. கோவிந்த வைத்யர் என்ற புலவர் 1648-ல் 'கண்டீரவ நரசராஜ விஜயம்' என்று ஒரு பெரிய காவியமே பாடியிருக்கிறார், ராஜா உயிரோடு இருக்கும்போதே. ராஜா தன் பெருமையைத் தானே பேசவேண்டிய அவசியமே இல்லை. பேச்சைப் புலவரிடம் ஒப்படைத்துவிட்டால் அடக்கம் தானாக வந்துவிடும். நம்ம சோழர்கள் கல்வெட்டில் மெய்க்கீர்த்தி வெட்டி வைத்தார்களே, அதுவும் இந்த ஏற்பாடுதான். மிஸ்டர் சாத்தானுக்குப் புலவர் வைக்க வசதியில்லை, தானே பாடிக்கொண்டார்.

இதே கண்டீரவர் பெயரை மதுரைப் பக்கம் சொல்லிப் பாருங்கள். அங்கே அவர் மூக்கறுப்புப் போரின் வில்லன். 1650-களின் பிற்பகுதியில் மைசூர்ப் படை திருமலை நாயக்கர் நாட்டுக்குள் புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை மேலுதட்டோடு அறுத்தது என்றும், ராமநாதபுரத்து ரகுநாத சேதுபதி படையோடு வந்து விரட்டினார் என்றும், பதிலுக்கு மதுரைப் படை மைசூர் வரை போய் மூக்கறுத்தது என்றும் அந்தப் பக்கத்துக் கதை போகிறது. ராஜாவின் மூக்கே போயிற்று என்றுகூடச் சொல்வார்கள், மைசூரில் அதை யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை. மூக்குக்கும் இந்த மாதிரிக் கதைகளுக்கும் ஏதோ பொருத்தம் இருக்கிறது. நாயக்கரும் உடையாரும் 1659-ல் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ஓசூர் தாண்டினால் மூக்கறுத்தவர், தாண்டாவிட்டால் ஸ்டேடியத்துக்குப் பெயர் கொடுத்தவர்.

பெயர் என்பது சொல்கிறவரைப் பொறுத்தது என்பது தோரியாமாவுக்குப் புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். சவடாலைத் தண்டித்து அனுப்பாமல், அதற்கு ஒரு வேலை கொடுக்கிறார். கதையின் கடைசி ராட்சசன் பூ. அவனைக் கொல்ல விஷம் கலந்த சாக்லேட்டோடும் வெடிகுண்டோடும் போனவர் மிஸ்டர் சாத்தான். எதுவும் பலிக்கவில்லை. பயத்தில் எடுபிடி வேலை செய்யப்போய் சிநேகிதராகிறார். பூ ஒரு நாய்க்குட்டியை வளர்க்கிறான். இனிமேல் யாரையும் கொல்லாதே என்று இவர் கேட்க, சரி என்று சொல்லிவிடுகிறான். உலகத்துப் பெரிய வீரர்கள் அடித்துச் சாதிக்க முடியாததை ஒரு பயந்தாங்கொள்ளி பேசிச் சாதிக்கிறார். துப்பாக்கியோடு வந்த இரண்டு போக்கிரிகள் அந்த நாயைச் சுடாமல் இருந்திருந்தால் கதை அங்கேயே சுபம்.

சுட்டார்கள். பூவுக்குள்ளிருந்து இன்னொரு பூ வெளியே வருகிறான், அவன் கொடியவன். கடைசிச் சண்டை பூமியிலேயே இல்லை, எங்கோ தேவர்கள் உலகத்தில். கோகு ஒரு பெரிய ஒளி உருண்டையைத் திரட்ட வேண்டும். அதற்குப் பூமியில் இருக்கிற ஒவ்வொருவரும் கையை மேலே தூக்கித் தங்கள் சக்தியைக் கொஞ்சம் கொடுக்க வேண்டும். பூமிக்குப் போய்ச்சேர்வது குரல் மட்டும்தான், இப்போது நான் உங்களிடம் பேசுகிற மாதிரி. முதலில் வெஜிட்டா என்ற வீரன் கேட்கிறான். அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை, அதட்டுகிறான். யாரோ மிரட்டுகிறான் என்று ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கோகு கேட்கிறான். நிஜமாகவே இந்த உலகத்தைப் பலமுறை காப்பாற்றியவன், ஆனால் அந்தக் குரல் யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. எத்தனை தடவை காப்பாற்றினாலும் பேசாமல் வீட்டுக்குப் போனவன் ஆயிற்றே. சில சிநேகிதர்கள் தவிர யாரும் கை தூக்கவில்லை.

பொறுமை போய் மிஸ்டர் சாத்தான் கத்துகிறார், நான் சொல்கிறேன், தூக்குங்கள் கையை என்று. ஆஹா, நம்ம சாம்பியன் குரல் என்று உலகமே அவர் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டு கையைத் தூக்குகிறது. இத்தனை வருஷம் பொய்யாகச் சேர்த்து வைத்த பெயர் அத்தனையும் அந்த ஒரு நிமிஷத்தில் நிஜச் செலாவணி ஆகிறது. ராட்சசன் ஒழிந்தான்.

ஊருக்குத் திரும்பியதும், உலகத்தைக் காப்பாற்றியது யார் என்று ஜனங்கள் கேட்டபோது யார் பெயர் சொல்லப்பட்டிருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கோகு கோஷ்டியில் ஒருவரும் மறுப்பு அறிக்கை விடவில்லை.